எந்த அயல்மொழியைக் கற்பது? ஆசையிலிருந்து முடிவுக்கு வரும் வழி

எந்த அயல்மொழியைச் சரளமாகப் பேச ஆசை என்று கேட்டால், பெரும்பாலோர் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்லிவிடுவார்கள்: பிரெஞ்சு, ஜப்பானியம், ஸ்பானியம், கொரியன், ஜெர்மன், அரபு. ஏன் என்று அடுத்த கேள்வியைக் கேட்டதும் பதில் மெலிந்துவிடுகிறது. கேட்க இனிமையாக இருக்கிறது, என்றாவது பயன்படும், பல நாடுகளில் பேசுகிறார்கள் என்பன போன்ற பொதுவான காரணங்களே வருகின்றன. ஒரு மொழியில் தடுமாறியாவது உரையாடும் நிலைக்கு வருவதற்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் செலவாகும். அத்தனை மணி நேரமும் நம்மை விடாமல் பிடித்து வைத்திருக்க வேண்டியது அந்தக் காரணம்தான். ஆகவே மொழியின் பெயரை முடிவு செய்வதற்கு முன் காரணத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை எப்படிச் செய்வது, அதன் பிறகு தமிழ் பேசும் ஒருவர் மொழிகளின் கடினத்தை எப்படி அளந்து பார்ப்பது என்பவற்றை இங்கே விளக்குகிறேன்.

ஆசையைச் செயலாக எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு, மொழியின் பெயரை எழுதாமல், அந்த மொழி வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதை எழுதுங்கள். யாரிடம், எதைப் பற்றி, எந்த இடத்தில், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். "ஜப்பானியம் பேச ஆசை" என்பது வெறும் விருப்பம். "ஒசாகாவில் உள்ள குழுவினருடன் நடக்கும் வாராந்தரக் கூட்டத்தில், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் என் பகுதியை நானே விளக்குவேன்" என்பது செயல். "ஸ்பானியம் மட்டுமே பேசத் தெரிந்த சம்பந்தி வீட்டாரிடம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காணொலி அழைப்பில் நலம் விசாரித்து, பேரக்குழந்தையைப் பற்றிப் பேசுவேன்" என்பதும் செயலே.

எழுதிய செயலை ஒரே ஒரு கேள்வியால் சோதிக்கலாம். இதில் ஒரு சிறு பகுதியையாவது இந்த வாரமே தொடங்க முடியுமா? முடியும் என்றால் அந்தக் காரணம் உயிரோடு இருக்கிறது. பத்து ஆண்டுகளுக்குப் பின் ஒருமுறை போகப்போகும் சுற்றுலாதான் காரணம் என்றால், அதற்கு ஒரு மொழியை முழுமையாகக் கற்க வேண்டியதில்லை. வணக்கம், நன்றி, விலை கேட்பது, வழி கேட்பது, எண்கள் ஆகியவற்றை ஒரு மாதம் பழகிக்கொண்டால் போதும். பிறர் வியக்க வேண்டும் என்பது மட்டுமே காரணமாக இருந்தால், முதல் சில வாரங்களின் பாராட்டு அடங்கியதும் படிப்பும் நின்றுவிடும்.

ஒரு மொழியின் ஓசை பிடித்திருக்கிறது என்பதைச் சிலர் காரணமாகச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். அப்படிக் கூச்சப்படத் தேவையில்லை. வேலைக்கான காரணம் வேலை மாறினால் மறைந்துவிடும்; ஓசையின் மீதான காதலோ பாட்டு, நாடகத் தொடர், வானொலி வழியாக நாள்தோறும் தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்ளும். கொரியன் மொழியை உலகெங்கும் இளைஞர்கள் இத்தனை ஆர்வத்தோடு கற்பதற்குப் பெரிய காரணம் இதுதான். அவர்களில் பலர் பாடத்தைத் திறக்காத நாளில்கூட அந்த மொழியைக் கேட்காமல் இருப்பதில்லை.

காரணம் எதுவோ அதற்கேற்ற திறன்

கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஆகிய நான்கு திறன்களும் எல்லோருக்கும் சம அளவில் தேவைப்படுவதில்லை. நாடகம் பார்க்க விரும்புபவருக்குக் காது முதலில் பழக வேண்டும். தத்துவ நூல்களை மூலத்தில் வாசிக்க விரும்புபவர் உச்சரிப்பில் ஓரளவு பின்தங்கினாலும் குறைவில்லை. உறவினரிடம் பேச விரும்புபவருக்குப் பாடநூல் மொழியைவிட அந்தக் குடும்பத்தின் வட்டார வழக்கு முக்கியம்.

வேலைக்காகவோ குடியேற்றத்துக்காகவோ கற்பவர் மட்டும் இதில் விருப்பத்தைப் பார்க்க முடியாது; எந்தத் தேர்வு, எந்த நிலை, சான்றிதழ் எத்தனை ஆண்டு செல்லும் என்பதை முதல் நாளே அறிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பிய மொழிகளுக்கு, கவுன்சில் ஆஃப் யூரோப் அமைப்பு 2001இல் வெளியிட்ட அளவுகோல்தான் பொதுவாகப் பயன்படுகிறது. அதில் ஏ1, ஏ2 தொடக்க நிலைகள். பி1, பி2 தன்னிச்சையாக இயங்கும் நிலைகள். சி1, சி2 தேர்ச்சி நிலைகள். ஜெர்மனியில் செவிலியராகத் தகுதி அங்கீகாரம் பெற பெரும்பாலும் பி2 கேட்கிறார்கள். அங்கே ஜெர்மன் வழியில் பட்டப்படிப்பு படிக்க பொதுவாகச் சி1 அளவிலான தேர்ச்சி தேவை. ஜப்பானியத்துக்கான ஜே.எல்.பி.டி. தேர்வு, தொடக்கநிலையான என்5 முதல் உச்சநிலையான என்1 வரை ஐந்து படிகள் கொண்டது. ஜப்பான் 2019இல் தொடங்கிய குறிப்பிட்ட திறன் பணியாளர் விசாவுக்குப் பெரும்பாலும் என்4 அளவு கேட்கப்படுகிறது. அலுவலகப் பணிகளுக்கோ என்2 வரை எதிர்பார்க்கும் நிறுவனங்கள் பல. இத்தேர்வில் பேச்சுத் தேர்வும் எழுத்துத் தேர்வும் இல்லை என்பதால், சான்றிதழ் கையில் இருந்தும் வாய் திறக்கத் தயங்குபவர்கள் உருவாகிறார்கள். பேசுவதே உங்கள் நோக்கம் என்றால் தேர்வுப் பயிற்சியை மட்டும் நம்பக் கூடாது. கொரியனுக்கான டோபிக் தேர்வின் முடிவு இரண்டு ஆண்டுகளே செல்லும். பிரெஞ்சுக்கான டெல்ஃப் சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. விண்ணப்பிக்கும் காலத்தை முன்கூட்டியே கணக்கிட்டுத் தேர்வு எழுத வேண்டியது ஏன் என்பது இதிலிருந்தே புரியும்.

கடினத்தைத் தமிழின் பக்கத்திலிருந்து அளந்து பாருங்கள்

எந்த மொழி எளிது, எந்த மொழி கடினம் என்று தேடினால் எங்கும் கிடைப்பது ஒரே பட்டியல்தான். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பித்த அனுபவத்திலிருந்து உருவாக்கியது அது. ஸ்பானியம், பிரெஞ்சு, இத்தாலியன் ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 600 முதல் 750 வகுப்பு மணி நேரமும், ஜெர்மனுக்கு ஏறத்தாழ 900 மணி நேரமும், ரஷ்யன், துருக்கியம் போன்றவற்றுக்கு 1,100 மணி நேரமும், ஜப்பானியம், கொரியன், சீனம், அரபு ஆகியவற்றுக்கு 2,200 மணி நேரமும் அதில் குறிக்கப்பட்டுள்ளன. தமிழும் அந்தப் பட்டியலில் துருக்கியத்தோடு 1,100 மணி நேர வரிசையில்தான் இருக்கிறது. இந்த எண்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கானவை. ஒவ்வொரு மொழியும் ஆங்கிலத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையே அவை சொல்கின்றன. தமிழிலிருந்து புறப்படுபவருக்குத் தொலைவுகள் வேறு.

ஜப்பானியத்தை எடுத்துக்கொள்வோம். "நேற்று வாங்கிய புத்தகத்தை நூலகத்தில் வாசித்தேன்" என்பதை ஜப்பானியத்தில் "கினோ கத்தா ஹோன் ஓ தோஷோகான் தே யோமிமாஷ்தா" என்பார்கள். கினோ என்றால் நேற்று, கத்தா என்றால் வாங்கிய, ஹோன் என்றால் புத்தகம். அடுத்து வரும் ஓ நம் இரண்டாம் வேற்றுமை உருபான ஐயின் வேலையைச் செய்கிறது. தோஷோகான் நூலகம், தே என்பது இல், கடைசியில் வினை. ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வருவதும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும், வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்பதும் நமக்குப் பிறவியிலேயே பழகியவை. ஆங்கிலம் பேசுபவர் மாதக்கணக்கில் போராடும் இடத்தை நாம் சில வாரங்களில் கடந்துவிடலாம். குறில் நெடில் வேறுபாடும், மெய் இரட்டிப்பதால் பொருள் மாறுவதும் அங்கே உண்டு. அவற்றையும் தமிழ்க் காது எளிதில் பிடித்துவிடும். இங்கே எச்சரிக்கை ஒன்றும் அவசியம். ஹிராகானா, கதகானா என்ற இரண்டு எழுத்து வரிசைகளோடு, அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வரையறுத்த 2,136 கான்ஜி எழுத்துகளும் உள்ளன; அந்தச் சுமையைத் தமிழ் எந்த வகையிலும் குறைத்துத் தராது. ஆகவே பேச மட்டும் விரும்பும் தமிழருக்கு ஜப்பானியம் நினைப்பதைவிட எளிது. நாளிதழ் வாசிக்க விரும்புபவருக்கு எல்லோரையும் போலவே நீண்ட உழைப்பு.

கொரியனின் வாக்கிய அமைப்பும் இதே போன்றதுதான். எழுத்தோ மிக எளிது. அரசர் செஜோங்கின் காலத்தில் உருவாகி 1446இல் மக்களுக்கு அறிவிக்கப்பட்ட ஹங்குலில் அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே. ஒரு வாரம் முயன்றால் கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டி வாசிக்கலாம். அதன் ஒலிப்பில் தமிழருக்கு இன்னொரு நன்மை உண்டு. "காகம்" என்ற சொல்லில் முதல் ககரம் ஒரு விதமாகவும் இடையில் வரும் ககரம் மென்மையாகவும் ஒலிக்கிறது. ஆனாலும் இரண்டையும் ஒரே எழுத்தால்தான் எழுதுகிறோம். கொரியனிலும் சாதாரண வல்லொலிகள் உயிர்களுக்கு இடையே இப்படியே மென்மையடைகின்றன. நமக்குக் கடினமாக இருக்கப்போவது மூச்சொலியோடு வருவதையும் இறுக்கி ஒலிப்பதையும் சாதாரண ஒலியிலிருந்து பிரித்தறிவது. மரியாதைக்கேற்ப வினைமுற்று மாறுவதை நாம் வியக்கப்போவதில்லை; எனினும் அங்கே படிகள் அதிகம், தவறினால் எதிரில் இருப்பவர் உடனே உணர்ந்துவிடுவார்.

துருக்கியமும் ஒட்டுநிலை மொழி. "எவ்லெரிமிஸ்தே" என்ற ஒரே சொல்லில் வீடு, கள், எங்கள், இல் ஆகிய நான்கும் அடுக்கடுக்காக ஒட்டி நிற்கின்றன. 1928 முதல் லத்தீன் எழுத்தில் எழுதப்படுவதால் வாசிப்புக்கும் தடை இல்லை. தமிழருக்கு இத்தனை பொருத்தமான மொழியை நம்மில் மிகச் சிலரே எண்ணிப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு வருத்தமே.

ஐரோப்பிய மொழிகளில் நமக்கு உதவுவது பெரும்பாலும் நாம் முன்பே கற்ற ஆங்கிலம். ஆயிரக்கணக்கான சொற்கள் அடையாளம் தெரியும் வடிவில் கிடைக்கின்றன. ஆனாலும் தமிழும் சும்மா இருப்பதில்லை. ஸ்பானியத்தில் "ஆப்லோ" என்றால் பேசுகிறேன், "ஆப்லாஸ்" என்றால் பேசுகிறாய், "ஆப்லா" என்றால் பேசுகிறார். நான், நீ என்று சொல்லாமலே வினையின் ஈறு ஆளைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் இல்லாத இந்த வசதி தமிழருக்குத் தாய்ப்பாலோடு வந்தது. எழுதியபடியே ஒலிப்பதும், 20 நாடுகளில் ஆட்சிமொழியாக இருப்பதும் ஸ்பானியத்தின் கூடுதல் பலங்கள். நம்மை உண்மையில் தடுமாற வைப்பது உயிரற்ற பொருள்களுக்கும் பால் சொல்லும் வழக்கம். ஜெர்மனில் மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், புத்தகம் இரண்டும் அல்லாத மூன்றாவது பால். நம் இலக்கணத்தில் பால் பொருளைப் பார்த்து வருவது; அங்கே சொல்லைப் பார்த்து வருவது. இதற்கு விதி தேடிக் காலத்தை வீணாக்காமல், முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பெயரையும் அதன் முன்னால் வந்து பாலைக் காட்டும் சிறு சொல்லோடு சேர்த்தே மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஜெர்மனின் நான்கு வேற்றுமைகளைக் கண்டு ஆங்கிலேயர் அஞ்சுவதுபோல் எட்டு வேற்றுமை படித்த நாம் அஞ்ச வேண்டியதில்லை. பிரெஞ்சில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளியைத்தான் பொறுமையோடு கடக்க வேண்டும்.

சீனத்தில் வினை திரிவதில்லை, பால் இல்லை, வேற்றுமை இல்லை. ஆனால் தொனி உண்டு. "மை" என்பதைத் தாழ்த்தி எழுப்பும் மூன்றாம் தொனியில் சொன்னால் வாங்குதல்; மேலிருந்து சட்டென இறக்கும் நான்காம் தொனியில் சொன்னால் விற்றல். வணிகத்துக்காகச் சீனம் கற்பவர் முதல் மாதம் முழுவதையும் தொனிக்கே கொடுத்தாலும் தகும்.

அரபைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் தவறான எதிர்பார்ப்போடு தொடங்குபவர்கள் இங்கேதான் அதிகம். செய்தியிலும் நூல்களிலும் மேடையிலும் உள்ள செவ்வியல் சார்ந்த அரபு ஒன்று; எகிப்து, சிரியா, வளைகுடா, மொராக்கோ ஆகிய பகுதிகளில் மக்கள் வீட்டிலும் தெருவிலும் பேசும் அரபுகள் வேறு. எழுத்துத் தமிழில் மட்டும் பேசிக்கொண்டு ஒருவர் சந்தைக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அதனால் இந்த இரட்டை வழக்கைப் புரிந்துகொள்வதில் தமிழருக்கு நிகரானவர் குறைவு. சமய நூல்களை ஓதிப் பொருள் அறிவது நோக்கம் என்றால் செவ்வியல் அரபு. பணியிடத்தில் பேச வேண்டும் என்றால் அந்தப் பகுதியின் பேச்சு அரபு. எது என்று முடிவு செய்யாமல் வகுப்பில் சேரக் கூடாது. போர்ச்சுகீசியத்தில் பிரேசில், போர்ச்சுகல் வழக்குகளுக்கு இடையிலும், ஸ்பானியத்தில் ஸ்பெயின், லத்தீன் அமெரிக்க வழக்குகளுக்கு இடையிலும் வேறுபாடு உண்டு. ஆனால் அவை இந்த அளவுக்கு விலகியவை அல்ல, ஒன்றைக் கற்றவர் மற்றதைச் சமாளித்துக்கொள்வார்.

மணிக்கணக்கை நேர்மையாகப் போடுங்கள்

நாள்தோறும் அரை மணி நேரம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 180 மணி நேரம். 600 மணி நேரம் கேட்கும் மொழிக்கு இந்த வேகத்தில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும்; 2,200 மணி நேரம் கேட்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள். தமிழ் தரும் உதவியால் இது குறையலாம், ஆனால் மறைந்துவிடாது. மூன்றே மாதங்களில் சரளம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நீங்கள் எழுதிய செயலுக்கு எந்த நிலை போதும் என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நலம் விசாரிக்க ஏ2 போதும். அலுவலகக் கூட்டத்தில் வாதிட பி2 வேண்டும். இரண்டுக்கும் இடையே ஆண்டுகள் கிடக்கின்றன.

சேர்வதற்கு முன் வெள்ளோட்டம்

பணம் கட்டி வகுப்பில் சேர்வதற்கு முன், மனத்தில் உள்ள இரண்டு மொழிகளையும் தலா இரண்டு வாரம் வெள்ளோட்டம் பாருங்கள். முதல் சில நாள்கள் பொருள் புரியாமலே காதால் மட்டும் கேளுங்கள்; அந்த ஒலிகளில் எவை தமிழில் இல்லாதவை என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து எழுத்துமுறையில் ஒரு பகுதியைக் கையால் எழுதிப் பழகுங்கள். பிறகு, தாளில் எழுதிய செயலுக்கு நேரடியாகத் தேவைப்படும் பத்து வாக்கியங்களை, அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் கேட்டுப் பெற்று மனப்பாடம் செய்யுங்கள். இறுதியில் அந்தப் பத்தையும் ஒரு தாய்மொழியாளரிடம் சொல்லிப் பார்த்து, அவர் திரும்பக் கேட்காமல் புரிந்துகொள்கிறாரா என்று கவனியுங்கள்.

இதற்குக் காசு செலவாகாது. ஜெர்மனுக்கு டாய்ச்ச வெல்லே, ஜப்பானியத்துக்கு என்.எச்.கே. வேர்ல்ட், பிரெஞ்சுக்கு ஆர்.எஃப்.ஐ. ஆகிய ஒலிபரப்பு நிறுவனங்கள் கற்போருக்கென்றே இலவசப் பாடங்களைத் தருகின்றன. கைப்பேசிச் செயலிகள் சொற்களை நினைவில் நிறுத்த உதவும். பேச்சை அவை கற்றுத் தந்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

வெள்ளோட்டத்தின்போது கவனிக்க வேண்டியது எவ்வளவு கற்றீர்கள் என்பது அல்ல. களைத்துப்போன மாலையில் எந்த மொழியின் ஒலிப்பதிவைக் கை தானாகத் தேடியது? எந்த மொழியில் பிழை செய்தபோது எரிச்சலைவிட ஆவல் மிகுந்தது? இந்த இரண்டுக்கும் ஒரே மொழி விடையாக வந்தால் தயங்காமல் அதைத் தேர்ந்தெடுக்கலாம், பட்டியல்களில் அது எந்த இடத்தில் இருந்தாலும் சரி.

தேர்ந்தெடுத்த பிறகு, முதல் மூன்று மாதங்கள்

ஒலிப்பைத் தொடக்கத்திலேயே சரி செய்யுங்கள். பின்னால் திருத்துவது பல மடங்கு கடினம். எழுத்துமுறை வேறாக இருந்தால் அதை உடனே கற்று, தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒலிபெயர்த்து எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தனிச்சொற்களைவிட முழு வாக்கியங்களை மனத்தில் ஏற்றுங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரு மனிதரிடம் பேசுங்கள். வாரம் முழுவதும் படிப்பதற்கு அந்த அரை மணி நேரம்தான் உந்துவிசை. ஆசிரியரைத் தேடும்போது, மாணவரை எவ்வளவு நேரம் பேச விடுகிறார் என்று முதல் வகுப்பிலேயே பாருங்கள். இலக்கணத்தை அழகாக விளக்கியே மணி நேரத்தை முடித்துவிடுபவரிடம் அறிவு பெருகும், பேச்சு வராது.

வெள்ளோட்டத்துக்குப் பிறகும் இரண்டு மொழிகள் சமமாக நின்றால், இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். ஸ்பானியமும் இத்தாலியனும் போல நெருங்கிய உறவுள்ள மொழிகள் என்றால் தொடக்கத்தில் ஒன்றின் சொல் மற்றதில் புகுந்து குழப்பும். அடுத்த ஓராண்டுக்குள் எந்த மொழியில் பேச உங்களுக்கு ஓர் ஆள் இருக்கிறாரோ அதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பி1 அளவை எட்டி, எதிரில் இருப்பவர் பொறுமையோடு பேசினால் உரையாடல் அறுபடாமல் தொடரும் நிலை வந்ததும் இரண்டாவதைத் தொடங்கலாம். அப்போது முதல் மொழிக்கு வாரத்தில் இரண்டு மணி நேரத்தையாவது விடாமல் ஒதுக்கி வையுங்கள்.